பெட்டி போனாலும் ஏழாயிரம்பண்ணை போனேன்

சனிக்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கரூரில் எங்கள் வீட்டிலிருந்து காரைக் கிளப்பினேன். மீட்டரில் 61,418 கிலோமீட்டர். கேட்டைத் திறந்துவிட வந்த என் மகன் பிரபு, திறந்த பிறகும் அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டான். கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கப் போகிறான் என்று தெரிந்தது.

"அம்மா, கண்ணு ஆபரேசன் பண்ணி அஞ்சு மாசந்தானுங்க ஆவுது. பஸ்ஸுல போனா என்னங்?"

"வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறாரு. நீ டாக்டரா?"

"வழி தெரியோணுமில்லீங்?"

முன்கண்ணாடியைக் காட்டினேன். அங்கே என் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலம், பின்னால் ஒரு ரப்பர் கிண்ணம். கிண்ணத்தை ஈரமாக்கி அழுத்தினால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். போக வேண்டிய ஊரைத் தட்டினால், ஒரு பெண் குரல் இடதா வலதா என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வரும். பதினொரு வருடங்களுக்கு முன் 6,500 ரூபாய்க்கு வாங்கியது. போனிலேயே இதெல்லாம் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மகன் வாங்கிக் கொடுத்த பெரிய போன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் நிற்கிறேன் என்பது அவன் போனில் தெரியும்படி செய்துவைத்திருக்கிறான். நான் முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவள். வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. இந்த வயதில் என்னை யாரும் அதில் குறிக்க வேண்டியதில்லை. அதனால் வெளியூர் போகும்போது பட்டன் போன் மட்டும்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. பெட்டி வாங்கிய வாரமே அதைப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் டம்ளர் முதல் இட்லிக் கொப்பரை வரை பெயர் வெட்டாத பொருள் கிடையாது. கல்யாண வீட்டுக்குக் கொடுத்தால் திரும்பி வர வேண்டாமா? அவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்குங்க, வெடிச்சா என்னைய சொல்லக்கூடாது" என்று தயங்கினார். பிறகு அந்தக் கிர்ரென்ற மிஷினை வைத்து, முதுகில் 'ரா. பழனியம்மாள், கரூர்' என்று வெட்டிக் கொடுத்தார். எழுத்துக் கூலி பத்து ரூபாய். பிரபு ஒரு மாதம் சிரித்தான். டிபன் பாக்ஸாம்மா இது என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு பேச்சு இருந்தது. எனக்கோ வண்டிக்கோ வழியில் ஏதாவது ஆனால் கார் சாவி மகனிடம் போய்விடும், அதற்குப் பிறகு நான் கேட்கக் கூடாது. இந்த வார்த்தையைக் கொடுத்தவள் நான்தான். அவன் ஏற்கெனவே காரை விற்க ஆள் பார்த்துவைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

போகிற இடம் விருதுநகர் மாவட்டத்தில் ஏழாயிரம்பண்ணை. மதுரைக் கண் மருத்துவமனையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் பேச்சியம்மாள். இருவருக்கும் ஒரே நாளில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பேசிய பேச்சில் சிநேகிதம் ஒட்டிக்கொண்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலை. தொகுப்பு வீடு கட்டி முடித்து, ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறாள். சனிக்கிழமையே வந்துவிட வேண்டும், அதுவும் ஐந்து மணிக்குக் கம்பெனி கேட்டுக்கே காரோடு வர வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் பார்க்க, அந்தக் காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டுமாம். நியாயமான ஆசை.

அரவக்குறிச்சி, வேடசந்தூர், திண்டுக்கல் என்று பெட்டி சொன்னபடி வந்தேன். கொடைரோட்டில் ஒரு டீ, 15 ரூபாய். மதுரையை வெளியே சுற்றி, திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டி, மதியம் 12.10க்கு விருதுநகர் வந்து சேர்ந்தேன். 191 கிலோமீட்டர். ஒரு இடத்திலும் வழி கேட்கவில்லை, ஒரு பலகையையும் படிக்கவில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

விருதுநகர் வந்துவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் போவது எனக்குச் சம்மதமில்லை. கடைத்தெருவுக்குள் வேப்பமர நிழலில் காரை நிறுத்தினேன். வெயில் உள்ளே கொதிக்கக் கூடாது என்று கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டேன். அந்த நான்கு விரல்தான் நான் செய்த தப்பு. கம்பியோ குச்சியோ விட்டுப் பூட்டை நெம்ப அவ்வளவு இடம் போதும். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், 75 ரூபாய். திரும்பி வரும்போது மணி 12.45.

கதவு சும்மா சாத்தியிருந்தது. கண்ணாடியில் ரப்பர் கிண்ணம் ஒட்டியிருந்த வட்டம் மட்டும் இருந்தது. சார்ஜர் வயர் சொருகிய இடத்திலிருந்து அப்படியே தொங்கியது. டேஷ்போர்டில் சில்லறை கிடந்தது, பின்சீட்டில் பேச்சியம்மாளுக்கு வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு இருந்தது, எதையும் தொடவில்லை. அதை ஒரு சின்ன டிவி என்று நினைத்து எடுத்திருப்பான் போல.

எனக்கு ஆத்திரம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பதினொரு வருடம் என்னோடு பேசிக்கொண்டு வந்த பொருள். அடுத்த நிமிடம் மகன் முகம் நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் இரட்டிப்பானது. ஓரமாக நின்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு காவல் நிலையம் எங்கே என்று பக்கத்துப் பழக் கடையில் கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட முதல் வழி அதுதான்.

மதியம் 1.05. நிலையத்தில் ஏட்டு ஒருவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"வளி சொல்ற மெசினா? போன்ல இல்லாத வளியாம்மா அதுல இருக்கு?"

"என்ற போன்ல இல்லீங்க." பட்டன் போனைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "பதினோரு வருசப் பளசுங்கிறீக. இதுக்குப் போயி ஒரு புகாரா? புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போயிருங்களேன்."

"பழசுன்னா களவு இல்லைன்னு ஆயிருமுங்களா?"

"சரி, மனு எளுதிக் குடுத்துட்டுப் போங்க. கெடைச்சாச் சொல்லுறோம். ரசீது திங்கக்கிளமை வந்து வாங்கிக்கிடலாம்."

"நான் கரூருங்க. ரசீது குடுக்கற வரைக்கும் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். நீங்க நல்லா சாப்பிடுங்க, அவசரமில்லை."

அவர் முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "டீச்சரா?"

"ஓய்வு பெற்ற டீச்சருங்க."

"அதான்" என்றார்.

என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெட்டியின் வரிசை எண் இருந்தது. அதை எழுதி, அடையாளம் என்ற இடத்தில் 'முதுகில் என் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கும்' என்று எழுதினேன். ஏட்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். அதற்குப் பிறகு அவருடைய பேச்சில் கொஞ்சம் மரியாதை கூடியது. பாத்திரம் மாதிரி பெயர் வெட்டி வைத்திருக்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம். 2.20க்கு முத்திரை குத்திய ரசீது என் கைக்கு வந்தது.

அதோடு விடவில்லை. திருடியவனுக்குச் சார்ஜர் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது. ஆகவே எங்காவது ஒரு செல்போன் கடையில் வந்து நிற்பான். பேருந்து நிலையத்தைச் சுற்றி மூன்று கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் வயதானவர், எழுந்து நின்று கேட்டார். வயரின் முனையை வாங்கிப் பார்த்து, "இந்த மாடல் பின்னு இங்கன எவன்ட்டயும் இருக்காது, வந்தா எங்கிட்டதான் வரணும்" என்றார். என் பெயரைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மணி மூன்று. வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். வடக்கே திரும்பினால் மகனிடம் சாவியைக் கொடுப்பதற்கு 191 கிலோமீட்டர். தெற்கே போனால் பேச்சியம்மாள் கேட்டில் நிற்பாள். எவனோ ஒருவன் காருக்குள் கை விட்டதற்காக நான் ஏன் திரும்ப வேண்டும்? சிவகாசிக்கு வழி கேட்டேன்.

ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக 26 கிலோமீட்டர். கரிசல் காடு, நடுநடுவே கருவேலம். சுவர்களில் எல்லாம் பட்டாசுக் கடை விளம்பரம், பாதி விலை, முக்கால் விலை என்று. சிவகாசிக்குள் நுழைந்து எங்கெங்கோ சுற்றி, 3.50க்கு நாரணாபுரத்தில் போய் நின்றேன். அங்கே டீக்கடை ஓரத்தில் வெள்ளை வேன்கள் நான்கைந்து நின்றன. காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வந்து கம்பெனியில் விடுவதும், மாலையில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த வேன்கள்தான். அதில் ஒன்றின் டிரைவர் மாரிச்சாமி, முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சியம்மாள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அந்த யூனிட்டா? ஏளாயிரம்பண்ணை போறதுக்கு முன்னாடியே உள்ள பிரியணும். நான் அதுக்குப் பக்கத்து யூனிட்டுக்குத்தான் லோடு எடுக்கப் போறேன். எம் பின்னாடியே வாங்கம்மா." அவர்கள் பேச்சில் வேனில் ஏறும் ஆட்களும் லோடுதான்.

"வழி சொல்லற மிஷினைக் களவு குடுத்துட்டனுங்க" என்று நானாகவே சொன்னேன். சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அது இருந்தாலும் இங்கன வேலைக்காகாதும்மா. போன மாசம் ஒரு மெட்ராஸ் பார்ட்டிய அது நேரா கெணத்து மேட்டுல கொண்டு போயி விட்டுருச்சு. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. தூரத்து ஊரை யார்ட்டயும் கேக்காதீக. அடுத்த ஊரை மட்டும் கேளுங்க. அதையும் ரெண்டு பேர்ட்ட கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணு போல சொன்னாத்தான் வண்டிய எடுக்கணும்."

வெம்பக்கோட்டை சாலையில் அவருடைய வேனின் பின்னாலேயே போனேன். ஒரு மண் பாதை பிரிகிற இடத்தில் நிறுத்தி இறங்கி வந்து கையால் காட்டினார்.

"நான் இப்புடிக்கா போவணும். நீங்க நேராப் போங்க. வாட்டர் டேங்க் வரும். அதைத் தாண்டி ஒரு வெடிச்ச ரூம், அதை விட்டுருங்க. அடுத்து இன்னொரு வெடிச்ச ரூம் வரும், கூரையே இருக்காது. அதுல வலது கை."

அவர் டேங்க்கையும் அந்த அறைகளையும் ஒரே குரலில்தான் சொன்னார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டாவது ரூமுல எங்க வேன் ஆளுக இருந்தாகம்மா" என்றார். "வலது கைய மறந்துறாதீக."

டேங்க் வந்தது. முதல் அறையை விட்டேன். இரண்டாவதன் நான்கு சுவரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, உள்ளே ஆள் உயரத்துக்குக் கருவேலம் முளைத்திருந்தது. வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் எஞ்சினை அணைத்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் வரைபடம் போட்டவள் நான். ஆறு, மலை, ரயில் பாதை எல்லாவற்றுக்கும் குறியீடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு ஒரு குறியீடு எனக்குத் தெரியாது. பிறகு வலது பக்கம் திரும்பினேன்.

கேட்டுக்கு நூறு மீட்டர் முன்னாலேயே காவலாளி கையை நீட்டி மறித்தார். வண்டி அதற்கு மேல் போகக் கூடாது. ரோட்டைப் பார்த்து மூக்கு இருக்கும்படி திருப்பி நிறுத்தச் சொன்னார். ஒன்று என்றால் உடனே எடுத்து ஓடுவதற்கு அப்படி. போனைக் கேட்டார், கொடுத்தேன். ஒரு மரப்பெட்டிக்குள் வரிசையாகத் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேன் ஆட்களின் போன்கள். என் பட்டன் போனையும் அதற்குள் வைத்து எண் எழுதிய தகரத் துண்டு ஒன்று கொடுத்தார். "வேற பாட்டரிச் சாமான் இருக்காம்மா?" என்றார். இல்லை, அதைத்தான் திருடிவிட்டார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"வந்துட்டீகளா டீச்சர்! ஒத்தையிலயா ஓட்டிட்டு வந்தீக? அம்புட்டு தூரமுமா?" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி கேட்டாள். அதற்காகவே கேட்டாள். நானும் சத்தமாக ஆமாம் என்றேன்.

காரில் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க சீமைக்கு வந்த எடத்துல உங்க பொருளு போச்சா? வெளங்குவானா அந்தக் களவாணிப் பய" என்று ஆரம்பித்து, ஊர் வந்து சேரும் வரை அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். வழியைச் சொல்ல மறந்து ஒரு திருப்பத்தை விட்டோம்.

மாலை 6.15. புது வீட்டின் படியில் உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டேன். மறைக்க எனக்கு இஷ்டமில்லை. மறைத்தால் தப்பு செய்தவள் நான் என்று ஆகிவிடும்.

"நான் சொன்னனில்லீங்களா?" என்றான் பிரபு. "வண்டியத் தொடாதீங்க. காலையில பஸ் ஏறி நான் வந்து ஓட்டிக்கிட்டு வர்றேன். பேச்சு பேச்சுத்தான், சாவி எனக்கு."

"எனக்கோ வண்டிக்கோ ஆனாத்தான் சாவின்னு பேச்சு. எனக்கு என்ன ஆச்சு? வண்டிக்கு என்ன ஆச்சு?"

"அந்தப் பெட்டி இல்லாம எப்படிங்க ஊர் வந்து சேருவீங்க? அதச் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் பேச்சியம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "தம்பி, நான் பேச்சியம்மா பேசுதேன். உங்க அம்மை தொலைஞ்சு போகல, பொட்டிதான் தொலைஞ்சுச்சு. நீங்க பால் காய்ச்சுக்கு வாறதா இருந்தா வாங்க, இலை போடுதோம். வண்டி ஓட்டுறதுக்குன்னு யாரும் வர வேண்டாம்."

போனைத் திரும்ப வாங்கினேன். அவள் கொடுத்த தைரியத்தில் ஒரு புதுப் பேச்சைப் பேசினேன். நாளை மாலை ஆறு மணிக்குள் நானே ஓட்டிக்கொண்டு, அவனுக்குப் போன் போட்டு வழி கேட்காமல், நம் வீட்டுக் கேட்டுக்கு வந்து சேர்வேன். ஆறு மணி ஒரு நிமிடம் ஆனாலும் சாவி அவனுக்கு, வண்டியை விற்றாலும் கேட்க மாட்டேன். வந்துவிட்டால் இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவன் கொஞ்சம் யோசித்துச் சரி என்றான். ஜெயித்துவிட்ட குரலில்தான் சொன்னான்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியதில் பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பது பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் என் பெட்டிக் கதையையும் மகனிடம் போட்ட பந்தயத்தையும் அவளே சொல்லிவிட்டாள். மாரிச்சாமி கூட வந்தார், பேச்சியம்மாளுக்கு ஏதோ வகையில் தம்பி முறையாம். ஆளாளுக்கு வழி சொன்னார்கள். அவர் மட்டும் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, "டீச்சருக்கு நான் சொன்னது போதும்" என்றார். வழி முழுக்க நான் அதை நினைவில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்துப் பத்து மணிக்கே எனக்கு இலை போட்டுவிட்டார்கள். 11.20க்குக் கிளம்பினேன். சாத்தூர் மட்டும் கேட்டேன், இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சாத்தூரில் அரைக் கிலோ காராச்சேவு, 140 ரூபாய். நான்கு வழிச் சாலையில் ஏறி சூலக்கரை கலெக்டர் ஆபீசைத் தாண்டினேன். விருதுநகருக்குள் நுழையாமல், அந்தப் பக்கம் முகத்தைக் கூடத் திருப்பாமல் போனேன்.

மதியம் 1.25க்குக் கப்பலூர் பக்கம் வந்தபோது சாலை பிரிந்தது. வெள்ளரிப் பிஞ்சு விற்ற ஒருவரிடம் கண்ணாடியை இறக்கி, "கரூருக்கு எப்படிங்க?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த ஊரைக் கேட்கவில்லை, இரண்டாவது ஆளையும் கேட்கவில்லை. அவர் யோசிக்காமல் வலது பக்கம் கையைக் காட்டினார். திருச்சி போய்ப் போகலாம் என்று நினைத்திருப்பார், அதுவும் ஒரு வழிதான். வெளிவட்டச் சாலையில் பதினேழு கிலோமீட்டர் போன பிறகு, தலைக்கு மேல் பச்சைப் பலகையில் மேலூர், திருச்சி என்று பார்த்தேன்.

ஓரமாக நிறுத்தினேன். மணி 1.55. போனை எடுத்துக் கையில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் பிரபு வழி சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினொரு வருடமாக நான் ஒரு பலகையையும் படித்ததே இல்லை. பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக் கொடுத்தவள், ஒரு குரல் திரும்பு என்றால் திரும்பியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் குரல் போனில் இருந்தால் என்ன, பெட்டியில் இருந்தால் என்ன, மகன் வாயில் இருந்தால் என்ன? எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. போனை டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினேன்.

வந்த வழியே திரும்பினேன். கப்பலூரில் ஒரு லாரி டிரைவரிடம் சமயநல்லூர் கேட்டேன், பிறகு ஒரு போலீஸ்காரரிடமும் கேட்டேன். இருவரும் ஒரே பக்கம் காட்டினார்கள். சமயநல்லூரில் வாடிப்பட்டியைக் கேட்டேன், வாடிப்பட்டியில் கொடைரோட்டை. திண்டுக்கல்லில் பாலத்துக்குக் கீழே இரண்டு ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். மூன்றாவது ஆள் வரும் வரை காத்திருந்தேன். வேடசந்தூருக்கு அப்புறம் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கரிசல் பக்கம் வழி கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கி வருகிறார்கள். எங்கள் ஊர் எல்லைக்குள் வந்த பிறகு ஒருவரைக் கேட்டேன். போனில் பாருங்க என்று சொல்லிவிட்டு அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5.42க்கு எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்தேன். பிரபு வெளியே நின்றிருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், காரைச் சுற்றிவந்து பார்த்தான், ஒரு கீறலும் இல்லை. நான் சாவியைக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டிவிட்டு, காராச்சேவுப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 10.20க்குப் போன் வந்தது. விருதுநகர் ஏட்டு.

"டீச்சரம்மா, உங்க பொட்டி கெடைச்சிருச்சு. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடையில எவனோ சார்ஜர் வேணும்னு கொண்டாந்திருக்கான். கடைக்காரரு பொரட்டிப் பாத்துட்டு, யாருப்பா இந்தப் பளனியம்மாள்னு கேட்டிருக்காரு. பய பொட்டியப் போட்டுட்டு ஓடிட்டான். பேரு வெட்டுன சாமானை எவன் வாங்குவான் சொல்லுங்க?"

போனை மகன் பக்கம் திருப்பி, அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஏட்டு சொன்னார். பிறகு, புகார் கொடுத்த ஆளே ரசீதோடு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், வேறு யார் வந்தாலும் கொடுக்க முடியாது என்றார்.

போனை வைத்ததும் பிரபு மெல்ல ஆரம்பித்தான். "நான் வேணும்னா போயி..."

"கையெழுத்து நான்தான் போடோணும்."

"சரிங்க. நானும் கூட வர்றேன். நீங்களே ஓட்டுங்க." வாசலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் ரப்பர் கிண்ணம் விட்டுப்போன அந்த வட்டத்தைப் பார்த்தான். தன் போனை எடுத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் வைத்தான். "வழிங்கம்மா?"

"அரவக்குறிச்சி" என்று சொல்லிவிட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். "மீதிய அங்க போயிக் கேட்டுக்கலாம்."